மாங்கூழ் ஆலை அலுவலகத்துக்கு எந்தத் திட்டமிடல் காலண்டர்?

கிருஷ்ணகிரி பக்கம் கூழ் ஆலை நடத்துபவர்கள் அலுவலக மென்பொருள் பற்றி யோசிக்க நல்ல காலம் தை, மாசி. மே பிறந்துவிட்டால் வாசலில் பெங்களூரா மாம்பழ லோடு வரிசை கட்டி நிற்கும். லேபில் பிரிக்ஸ் (கூழின் இனிப்பு அளவு) பார்க்கவே ஆள் போதாது. அந்த நேரத்தில் "புதுசா ஒரு ஆப் போட்டிருக்கோம், கத்துக்கோங்க" என்று யாரிடமும் வாயைத் திறக்க முடியாது. ஜூலை கடைசியில் சீசன் அடங்கும்போது எல்லாருக்கும் அலுப்பு, அப்போதும் நடக்காது.

அரைவையும் டப்பா அடைப்பும் தனிக்கதை. நான் சொல்ல வருவது மேசை வேலை. 215 கிலோ ட்ரம் எண்பது ஏற்றினால் ஒரு இருபதடி கன்டெய்னர் நிறையும், பதினேழு டன்னுக்குச் சற்று மேல். அந்த ஒரு கன்டெய்னருக்கு லேபிள் தயாராக வேண்டும், லேப் சான்று வேண்டும், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், சரக்கின் பிறப்பிடச் சான்று எல்லாம் வேண்டும். லேபிளை வரைபவர் ஒருவர். அதில் பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் சரியா என்று பார்ப்பவர் இன்னொருவர். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்கமும் ஒழுங்காக இருக்கிறதா என்று லேப் பார்க்கும். சவுதிக்குப் போகும் சரக்கென்றால் அரபி எழுத்தும் வேண்டும்; அதை வாங்குபவரே பார்த்துச் சொன்னால்தான் உண்டு. கடைசியில் ஓனர். அதற்குப் பிறகுதான் அச்சகம்.

ஏழெட்டுப் பேர் உள்ள இப்படி ஓர் அலுவலகத்துக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கவும், முடிந்ததைச் சரிபார்க்கவும் என்ன வைத்துக்கொள்ளலாம்? நடைமுறையில் கையில் கிடைப்பவை இவை: இப்போதுள்ள வாட்ஸ்அப் குழுவும் சுவர்ப் பலகையும், கூகுள் காலண்டரோடு ஒரு ஷீட், ட்ரெல்லோ, ஆசனா, மைக்ரோசாஃப்ட் பிளானர், ஸோஹோ புராஜெக்ட்ஸ். கிளிக்கப், நோஷன் என்று இன்னும் பல உண்டு. கெட்டவை அல்ல, ஆனால் எதை எப்படி வேண்டுமானாலும் அமைக்கலாம் என்பதாலேயே யாராவது ஒருவர் உட்கார்ந்து அமைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கூழ் ஆலையில் அந்த ஆள் கிடையாது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

விளம்பரப் பக்கத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வண்ண வண்ணக் கட்டங்கள், இழுத்து வைத்தால் நகரும் தேதிகள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சரிபார்ப்பவர் "இது சரியில்லை" என்று திருப்பி அனுப்பினால் அந்த மென்பொருளில் என்ன நடக்கிறது? வேலை யார் பெயருக்குத் திரும்புகிறது, கெடு என்ன ஆகிறது, முதலில் அனுப்பிய கோப்பு எங்கே போகிறது? முன்னோக்கிப் போகும் வேலையை எந்தச் செயலியும் காட்டிவிடும். பின்னோக்கி வருவதில்தான் தரம் தெரியும்.

காலண்டரின் அடிப்படையிலேயே இதற்கு இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலண்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போக உதவும் பொதுத் தரம் ஐகேலண்டர். 1998-ல் வந்தது, 2009-ல் ஆர்எஃப்சி 5545 என்ற ஆவணமாகத் திருத்தி வெளியிட்டார்கள். அதில் நிகழ்வு தனி, செய்ய வேண்டிய வேலை தனி. வேலைக்கு நான்கு நிலைகள்: தொடங்க வேண்டும், நடக்கிறது, முடிந்தது, ரத்து. சரிபார்ப்பில் இருக்கிறது, திருத்தத்துக்குத் திரும்பியது என்று எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் சரிபார்ப்பைத் தன் விருப்பப்படி கட்டியிருக்கிறது. ஒன்றில் அது வெறும் கட்டம், ஒன்றில் பொத்தான், ஒன்றில் பூட்டு. காலண்டரில் பார்க்கும்போது எல்லாம் ஒரே மாதிரி தெரிவதால் ஏமாந்துவிடக் கூடாது.

பலகையும் வாட்ஸ்அப்பும்

சுவர்ப் பலகையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். டீ குடிக்கப் போகிறவர்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார். எந்த வேலை யாரிடம் தேங்கியிருக்கிறது என்பது கேட்காமலே தெரியும். அந்த வசதியைக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கூடத் தருவதில்லை. ஆனால் அழித்தால் போயிற்று. போன மாதம் என்ன எழுதியிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்பின் சிக்கல் வேறு. குழுவில் லேபிள் படம் போகும், லேபிலிருந்து ஒரு கட்டைவிரல் வரும், வேலை முடிந்ததாக எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அதே நாளில் ஓனர் நிகர எடையின் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருப்பார்; டிசைனர் இன்னொரு படம் போட்டிருப்பார். அச்சகத்துக்குப் போகும் முன் கேட்டால், "அண்ணா, நான் ஓகே சொன்னது காலையில வந்த படத்துக்கு. இதை நான் பார்க்கவே இல்லை" என்பார் லேப் அக்கா. அவர் சொல்வது நியாயம். அந்த "ஓகே" செய்தியோடு ஒட்டியிருக்கிறது, கோப்போடு அல்ல. மேலும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாள் வரை எல்லாருக்குமாக அழிக்கலாம். சான்றாக வைத்துக்கொள்ள முடியாத பொருள்.

ஐஎஸ்ஓ 22000 என்ற உணவுப் பாதுகாப்புச் சான்று வைத்திருக்கும் ஆலைகளுக்கு இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. 2018 பதிப்பின் 7.5-ஆம் பிரிவு ஆவணங்களைப் பற்றியது: உருவாக்கும்போதும் மாற்றும்போதும் சரிபார்ப்பும் ஒப்புதலும் இருக்க வேண்டும், மாற்றங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர் "இந்த லேபிளை யார், எந்தத் தேதியில், எந்தப் பதிப்பைப் பார்த்து ஒப்புக்கொண்டார்?" என்று கேட்டால் போனை எடுத்து மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்க முடியாது.

சரி, வாட்ஸ்அப்பை ஒழித்துவிடலாமா என்றால், அதுவும் முடியாது. ஏற்றுமதிக் கிடங்கில் நிற்பவர் வேறு எதையும் திறக்க மாட்டார். தகவல் சொல்ல அது இருக்கட்டும். ஒப்புதல் மட்டும் அங்கே வேண்டாம்.

தேதியைப் பின்னோக்கி எண்ணுவது

மென்பொருள்களுக்குள் போகும் முன் தேதி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் வேலையில் எல்லாத் தேதியும் ஒரே தேதியிலிருந்து பின்னோக்கி வருகின்றன: சென்னைத் துறைமுகத்தில் கப்பலுக்கான கட்-ஆஃப், அதாவது சரக்கு உள்ளே போக வேண்டிய கடைசி நாள்.

கட்-ஆஃப் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். வியாழனன்று ஆலையில் கன்டெய்னர் ஏற்ற வேண்டும். அதற்கு லேபிள் செவ்வாய் மாலைக்குள் அச்சகத்திலிருந்து வந்துவிட வேண்டும். அச்சகத்துக்கு மூன்று வேலை நாள் என்றால் சனி, திங்கள், செவ்வாய். ஆக வெள்ளிக்கிழமையே கோப்பு அங்கே இருக்க வேண்டும். வாங்குபவர் சவுதியில் இருக்கிறார். 2013 முதல் அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். எனவே அவருடைய ஒப்புதல் வியாழன் மாலைக்குள் வந்தாக வேண்டும். பார்க்க அவருக்கு மூன்று வேலை நாள் கொடுத்தால் செவ்வாய், புதன், வியாழன். திங்களன்று அனுப்ப வேண்டும்.

இது ஒரே தடவையில் சரி என்று வந்தால். ஒருமுறை திருத்தம் வந்தால்? மறுபடி பார்க்க அவருக்கு இரண்டு நாள், புதனும் வியாழனும். திருத்த நமக்குச் செவ்வாய். அப்படியானால் குறை சொல்லும் மெயில் திங்களே வந்திருக்க வேண்டும். முதல் பார்வைக்கான மூன்று நாளைத் திங்களிலிருந்து பின்னே எண்ணினால் திங்கள், ஞாயிறு, வியாழன். நடுவில் வெள்ளியும் சனியும் போய்விட்டன. ஆக முந்தைய புதன்கிழமையே அனுப்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு திருத்தத்துக்காக ஐந்து நாள் முன்னே போகிறது. ஞாயிறு அவருக்கு வேலை நாள், நமக்கு விடுமுறை. அன்று வரும் கேள்வியை நாம் திங்கள்தான் பார்ப்போம். அமீரகத்துக்கு அனுப்புபவர்களுக்குக் கணக்கு வேறு: அங்கே 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரைநாள்.

இந்தக் கணக்கை எது தானாகப் போடும்? கப்பல் இரண்டு நாள் தள்ளிப் போனால் மற்ற எல்லாத் தேதியும் சேர்ந்து நகர வேண்டும். கூகுள் காலண்டரில் நகராது. ஒவ்வொரு நிகழ்வையும் கையால் இழுக்க வேண்டும். ட்ரெல்லோவில் ஒரு வேலைக்கு ஒரு அட்டை, ஒவ்வொரு அட்டைக்கும் தனிக் கெடு. அடுத்த அட்டை தானாக நகராது. பிளானரின் அடிப்படை வடிவத்திலும் இல்லை, அதன் பிரீமியம் திட்டத்தில்தான் உண்டு. ஆசனாவில் ஒரு வேலை இன்னொன்றை நம்பியிருக்கிறது என்று கோத்து வைக்கலாம், கட்டணத் திட்டத்தில். ஸோஹோ புராஜெக்ட்ஸில் கேன்ட் வரைபடத்தில் (வேலைகளைத் தேதிப் பட்டைகளாகக் காட்டுவது) கோத்து வைத்தால் பின்னவை சேர்ந்து நகரும்.

இத்தனைக்கும் நடுவில் சாதாரண ஷீட் இதை இலவசமாகச் செய்துவிடுகிறது. கூகுள் ஷீட்டிலும் எக்செலிலும் வொர்க்டே.இன்ட்ல் என்றொரு ஃபார்முலா உண்டு. ஒரு தேதியைக் கொடுத்து, இத்தனை வேலை நாள் முன்னே என்று கழித்தல் குறியோடு சொன்னால் விடுமுறையைத் தாண்டி எண்ணித் தரும். எது விடுமுறை என்பதை ஒரு எண்ணால் சொல்லலாம்: 7 என்றால் வெள்ளி, சனி, 11 என்றால் ஞாயிறு மட்டும். வாங்குபவர் பார்க்கும் வரிசைக்கு 7, நம் ஆலை வேலைக்கு 11. பொங்கல், ஈத் போன்ற நாட்களைத் தனிப் பட்டியலாக வைத்து அதையும் ஃபார்முலாவில் சேர்க்கலாம். மேலே ஒரே கட்டத்தில் கட்-ஆஃப் தேதியை மாற்றினால் கீழே எல்லாம் மாறும். விலை கொடுத்து வாங்கும் திட்டமிடல் மென்பொருள்களில் இப்படி ஒருவருக்கு ஒரு வார விடுமுறை, இன்னொருவருக்கு வேறு என்று அமைப்பது இதைவிடச் சுற்று வேலை.

ஒரு வேலைக்கு எத்தனை பெயர்

இதில் மென்பொருள்களுக்குள் கொள்கை வேறுபாடே இருக்கிறது. ஆசனாவில் ஒரு வேலைக்கு ஒரே ஒரு பொறுப்பாளர்தான். இரண்டு பேர் பெயரைப் போட விடாது. கூகுள் டாஸ்க்ஸும் அப்படியே. ட்ரெல்லோ, பிளானர், ஸோஹோ மூன்றும் பலர் பெயரைப் போட விடும். பிளானரில் மூன்று பேர் பெயரிருக்கும் வேலையை ஒருவர் முடிந்தது என்று குறித்தால் மூவருக்கும் முடிந்துவிடும்.

ஆசனாவின் பிடிவாதம்தான் சரி என்பது என் கட்சி. லேபிளில் லேப், புரொடக்ஷன் இரண்டு பெயரும் இருந்தால், அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்த்திருப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். பலர் பெயரை அனுமதிக்கும் மென்பொருளை எடுத்தாலும் ஒரு அட்டைக்கு ஒரு பெயர் என்ற விதியை நாமே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இன்னொரு கேள்வி. சரிபார்ப்புக்குப் போகும்போது பொறுப்பாளர் பெயரையே மாற்றுவதா, அல்லது சரிபார்ப்பைத் தனி வேலையாகப் போடுவதா? பெயரை மாற்றினால் இன்று இது யார் கையில் என்பது பளிச்சென்று தெரியும். டிசைனர் பெயர் இருக்கும்வரை அவர் மேசையில், லேப் பெயர் வந்ததும் லேப் மேசையில். ஆனால் முடிவில் பார்த்தால் ஓனர் பெயர் மட்டுமே மிஞ்சும். வரைந்தது யார், இடையில் பார்த்தது யார் என்பதை வரலாற்றில் தோண்ட வேண்டும். தனி வேலையாகப் போட்டால் ஒவ்வொருவருக்கும் தனிக் கெடு, தனிப் பதிவு; தணிக்கைக்கு நல்லது. பதிலுக்குக் காலண்டரில் ஒரு லேபிளுக்கு நான்கு வரிகள் நிற்கும். சீசனில் பத்து லேபிள் ஓடினால் திரை முழுக்க எழுத்துதான். உள்நாட்டுச் சரக்குக்குப் பெயர் மாற்றும் முறை போதும். ஏற்றுமதிக்கு நான் தனி வேலை முறையையே சொல்வேன்.

எந்த முறையானாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான காலண்டர் காட்சியில் வேலை அதன் கெடு நாளில் மட்டுமே தெரியும். வெள்ளி கெடு என்றால் வெள்ளிக் கட்டத்தில் நிற்கும். லேப் அக்கா அதை வெள்ளி காலையில்தான் முதன்முதலாகப் பார்ப்பார். அன்று காலையிலேயே ஆறு லோடு மாதிரி வந்து காத்திருக்கும். தொடக்க நாளும் போட முடிகிறதா, போட்டால் இரண்டு நாளுக்கும் பட்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

அட்டைக்கு ஒப்புதலா, கோப்புக்கு ஒப்புதலா

என் முடிவைத் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான்.

ட்ரெல்லோவில் சரிபார்ப்பு என்பது ஒரு பட்டியல். அட்டையை அங்கே இழுத்து வைத்தால் சரிபார்ப்பில் இருப்பதாகப் பொருள். அடுத்த பட்டியலுக்கு இழுத்தால் ஒப்புதல் ஆனதாகப் பொருள். யார் எப்போது நகர்த்தினார் என்பது அட்டையிலேயே பதிவாகும், நல்லதுதான். ஆனால் அந்தப் பலகையில் உறுப்பினராக இருக்கும் யாரும் நகர்த்தலாம். ஒப்புதல் பட்டியலுக்கு லேப் மட்டுமே நகர்த்தலாம் என்று பூட்டுப் போட வழியில்லை. தானியங்கி விதிகள் கைகொடுக்கும்: சரிபார்ப்புப் பட்டியலுக்கு வந்ததும் பழைய பெயரை நீக்கி லேப் பெயரைப் போடு, இரண்டு நாள் கெடு வை என்று எழுதி வைக்கலாம். திருப்பி அனுப்பும்போதும் அதேபோல. இலவசத் திட்டத்தில் இந்த விதிகள் மாதத்துக்கு 250 முறைதான் ஓடும். ஒரு லேபிள் ஆறு முறை இடம் மாறினால் நாற்பது லேபிளோடு சரி. சீசனில் யோசிக்க வேண்டிய எண். கற்றுக்கொள்ள எளிது என்ற ஒரு விஷயத்தில் ட்ரெல்லோவை எதுவும் அடிக்காது, பலகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவும் பலகைதான்.

ஆசனாவில் ஒப்புதல் என்றே ஒரு வேலை வகை இருக்கிறது. திறந்தால் மூன்று பதில்கள்: ஒப்புதல், திருத்தம் வேண்டும், நிராகரிப்பு. "திருத்தம் வேண்டும்" என்பதைத் தனிப் பதிலாக வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. நம் அலுவலகங்களில் நடப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் இது மேல்தரக் கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும்; விலை டாலர் கணக்கில்.

பிளானரில் தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்தது என்ற மூன்று நிலைதான். சரிபார்ப்பை ஒரு தொகுதியாகவோ வண்ணக் குறியாகவோ நாமே வைத்துக்கொள்ள வேண்டும். டீம்ஸுக்குள் ஒப்புதலுக்கென்று தனிச் செயலி உண்டு. பிளானரில் ஒரு கண், அதில் ஒரு கண் என்று வேலை செய்ய வேண்டியிருக்கும். ஏற்கெனவே அவுட்லுக் மெயிலுக்காக மைக்ரோசாஃப்ட் 365-க்குப் பணம் கட்டுபவர்களுக்குத் தனிச் செலவு இல்லை என்பதுதான் இதன் பலம்.

ஸோஹோ புராஜெக்ட்ஸில் ப்ளூபிரிண்ட் என்ற வசதி கட்டணத் திட்டத்தில் வருகிறது. ஒரு நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், யார் போக வைக்கலாம், போகும் முன் எதை நிரப்பியே ஆக வேண்டும் என்று வரையறுத்து வைக்கலாம். லேப் நிலையிலிருந்து ஓனர் நிலைக்கு லேப் மட்டுமே அனுப்பலாம்; பிரிக்ஸ் அளவை எழுதாமல் அனுப்ப முடியாது; திருப்பி அனுப்பினால் காரணம் எழுதியே ஆக வேண்டும். இங்கே பேசும் மென்பொருள்களில் உண்மையான பூட்டு இதுதான். ஆனால் முதலில் யாராவது உட்கார்ந்து எல்லாப் பாதையையும் வரைய வேண்டும். பாதை தவறினால் எல்லாரும் அங்கேயே நிற்பார்கள்.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை: ஒப்புதல் விழுவது அட்டைமீது. அட்டையில் இணைத்திருக்கும் லேபிள் கோப்பை ஒப்புதலுக்குப் பிறகு மாற்றினாலும் அட்டை "ஒப்புதல் ஆயிற்று" என்றே நிற்கும். லேப் அக்காவின் குறை அப்படியே இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது.

கோப்பின் மீதே ஒப்புதல் வாங்கும் வழி இரண்டு இடத்தில் இருக்கிறது. கூகுள் ட்ரைவில், வொர்க்ஸ்பேஸ் எனும் கம்பெனிச் சேவையின் குறிப்பிட்ட கட்டணத் திட்டங்களில், கோப்பைத் திறந்து ஒப்புதல் கேட்கலாம்: யார் யார் பார்க்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று சொல்லி, அதுவரை கோப்பைப் பூட்டியும் வைக்கலாம். ஒருவர் மறுத்தாலும் மறுப்புதான். மைக்ரோசாஃப்ட் பக்கம் ஷேர்பாயின்ட் என்ற கோப்புக் கிடங்கின் நூலகத்தில் உள்ளடக்க ஒப்புதல் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் புதுப் பதிப்பு "நிலுவை" என்று நிற்கும். ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர்களுக்குத் தெரியும். இரண்டிலும் லேபிளின் இந்தப் பதிப்பை இவர் ஒப்புக்கொண்டார் என்று காட்ட முடியும்.

ட்ரைவில் ஒரு சிறு கவனம் வேண்டும். பிடிஎஃப் போன்ற கோப்பின் மேல் புதுப் பதிப்பை ஏற்றினால் பழைய பதிப்பு 30 நாளோ நூறு பதிப்போ கடந்ததும் அழிந்துவிடலாம். ஒப்புக்கொண்ட பதிப்பில் "எப்போதும் வைத்திரு" என்பதைத் தட்டிவிட வேண்டும். சரக்கு கடலைத் தாண்டி, கிடங்கில் இறங்கி, வாங்குபவர் கேள்வி கேட்கும் நேரத்தில் முப்பது நாள் எப்போதோ போயிருக்கும்.

பைசா கட்டாமல் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண ஜிமெயிலிலேயே ஒரு வழி உண்டு. கூகுள் டாக்ஸில் குறிப்பு எழுதும்போது அதை ஒருவர் பெயருக்கு ஒப்படைக்கலாம். அவர் முடிந்தது என்று குறிக்கும்வரை அது நிற்கும். பூட்டு இல்லை, பதிவு உண்டு. நான்கைந்து பேருக்கு அது போதும்.

பணமும் ஆளும்

விலைப் பக்கத்தில் தலைக்கு இவ்வளவு என்று இருக்கும். கூழ் ஆலையில் அந்தத் தலைக்கணக்கே சிக்கல். தை மாதம் நான்கு பேர், ஜூனில் பத்துப் பேர். ஆண்டுச் சந்தா மலிவு என்று பத்துப் பேருக்கு எடுத்தால் ஒன்பது மாதம் ஆறு இருக்கை காலியாக இருக்கும். மாதச் சந்தா தலைக்கு அதிகம்தான், ஆனால் ஆகஸ்டில் குறைத்துக்கொள்ளலாம். சீசனுக்கு வரும் ஆட்களுக்குக் கணக்கே வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அவர்கள் எதையும் ஒப்புக்கொள்பவர்கள் அல்லர், தகவல் வாட்ஸ்அப்பில் போனால் போதும்.

டாலரில் விற்கும் நிறுவனத்திடம் வாங்கினால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வெளிநாட்டிலிருந்து சேவை வாங்கும்போது வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே கட்டிக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். ஸோஹோ ரூபாயில் பில் போடும். 18 சதவீத ஜிஎஸ்டி பில்லிலேயே இருக்கும், வழக்கம்போல இன்புட் (கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்துக்கொள்ளலாம். கார்டில் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி இருக்கிறது. 2022 ஜூனில் ஓடிபி இல்லாமல் எடுக்கும் வரம்பை 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. ஓனர் போனுக்கு வரும் ஓடிபியை யார் கேட்டு வாங்குவது என்பதெல்லாம் சீசனில் பெரிய கேள்வி.

தமிழில் எழுதுவது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வேலைத் தலைப்பைத் தமிழில் எழுத இவை எதிலும் தடையில்லை. பொத்தான்களும் தமிழில் வேண்டும் என்றால் கூகுள் காலண்டரில் மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

யாருக்கு எது

ஏற்றுமதி இல்லை, உள்ளூர் ஜூஸ் கம்பெனிகளுக்கு ட்ரம்மில் கூழ் மட்டும் போகிறது, அலுவலகத்தில் நான்கு பேர் என்றால் ஷீட், கூகுள் காலண்டர், டாக்ஸ் குறிப்பு மூன்றும் போதும். இதற்கு மேல் வாங்குவது வீண் செலவு.

ஏற்றுமதி உண்டு, ஏழெட்டுப் பேர், கம்பெனி மெயில் ஏற்கெனவே கூகுளில் இருக்கிறது என்றால், நான் எடுப்பது இதுதான்: தேதிக் கணக்குக்கு ஷீட், லேபிளுக்கும் சான்றுகளுக்கும் ட்ரைவ் ஒப்புதல், காலண்டரில் கட்-ஆஃபும் ஏற்றும் நாளும் மட்டும். காலண்டரில் எல்லா வேலையையும் கொட்டினால் முக்கியமான இரண்டு தேதி மறைந்துபோகும். மெயில் மைக்ரோசாஃப்டில் இருப்பவர்கள் இதே அமைப்பை எக்செல், ஷேர்பாயின்ட், அவுட்லுக் என்று வைத்துக்கொள்ளலாம், பிளானர் விருப்பம். வாங்குபவரின் ஒப்புதல் எப்படியும் மெயிலில்தான் வரும். அந்த மெயிலை பிடிஎஃப் ஆக்கி லேபிள் இருக்கும் கோப்புறையிலேயே போட்டுவிடலாம்.

கிருஷ்ணகிரியில் ஒரு ஆலை, தருமபுரிப் பக்கம் ஒரு பேக்கிங் கிடங்கு என்று இரண்டு இடமாகி, யார் எதை நகர்த்தினார் என்று கேட்கவே ஆள் வேண்டும் என்ற நிலை வந்தால் ஸோஹோவின் பூட்டு அந்தச் செலவுக்குத் தகும். ட்ரெல்லோவை டிசைன் வேலை மட்டும் எடுத்துச் செய்யும் சின்ன அலுவலகங்களுக்குச் சொல்வேன். ஆசனாவின் ஒப்புதல் முறை எனக்குப் பிடித்திருந்தாலும், அந்த ஒரு வசதிக்காக எட்டுப் பேருக்கும் மேல்தரத் திட்டம் எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை.

எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன், போன வருடம் போன ஒரு லேபிளை எடுத்து, நிகர எடையை வேண்டுமென்றே தப்பாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். லேப் திருப்பி அனுப்பட்டும். டிசைனர் திருத்தி ஏற்றட்டும். அதன்பின் கோப்பைச் சத்தமில்லாமல் இன்னொருமுறை மாற்றிவிட்டு, மென்பொருள் யாருக்காவது சொல்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஓனர் மண்டியில் நிற்கும்போது தன் போனிலிருந்தே ஒப்புதல் கொடுத்துப் பார்க்கட்டும். அதற்கு அவர் கணினி முன் வந்து உட்கார வேண்டும் என்றால், மே மாதத்தில் ஒப்புதல் திரும்பவும் வாட்ஸ்அப் கட்டைவிரலாகத்தான் வரும்.